பெல்ட்டில் ஓடும் பிரஷர் வொஷர்: கன்னை அழுத்தினால் எஞ்சின் அமர்ந்துபோகிறது

வவுணதீவான்:
எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வலையிறவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், வயலோரத்தில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். பெரும்போக அறுவடை முடிந்தால் லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்), டிரெய்லர், நெல் வெட்டு மெஷின் என்று சேறும் வைக்கோலுமாக வரிசையில் நிற்கும். கழுவ டவுனுக்குத்தான் போக வேண்டும். இங்கேயே கழுவிக் கொடுத்தால் என்ன என்று ஒரு மெஷின் செய்யத் தொடங்கினேன். நான் நிற்கும் இடத்துக்குக் கரண்ட் வரவில்லை, அதனால் மோட்டார் பேச்சே இல்லை.

எஞ்சின், நெல் தூற்றும் மெஷினில் இருந்த 196 சீசீ பெற்றோல் எஞ்சின். மேலே 6.5 குதிரைவலு என்று ஸ்டிக்கர். பம்ப், பழைய சாமான் கடையில் எடுத்த, மூன்று பிளஞ்சர் (தண்ணியைத் தள்ளும் தண்டு) உள்ள பம்ப். பித்தளைத் தலை, 24 மில்லிமீற்றர் ஷாஃப்ட். தகட்டில் நிமிடத்துக்கு 15 லீற்றர், 200 பார் அழுத்தம், நிமிடத்துக்கு 1450 சுற்று என்று இருக்கிறது. எஞ்சினுக்கு 4 அங்குலப் புல்லி, பம்புக்கு 10 அங்குலப் புல்லி, இரண்டு ஏ சைஸ் வீ பெல்ட்.

ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது. அன்லோடர் (மிச்சத் தண்ணியைத் திருப்பிவிடும் வால்வு) குமிழை இறுக்கிவிட்டு, தண்ணி அடிக்கும் கன்னை அழுத்தினால் எஞ்சின் முக்கி முக்கி அமர்ந்துபோகிறது. குமிழைத் தளர்த்தினால் எஞ்சின் நன்றாக ஓடும், ஆனால் தண்ணி பூவாளி மாதிரி வரும். பார்த்தவர்கள் எல்லோரும் 13 குதிரைவலு எஞ்சின் வாங்கு என்கிறார்கள். அதற்குக் காசு இல்லை. வேறு வழி இருக்கா?

செங்கலடி லேத்:
தம்பி, மூன்று கேள்வி. அழுத்தம் காட்டும் கேஜ் பூட்டியிருக்கா, எத்தனை பார் காட்டுகிறது? அமரும்போது பெல்ட் கத்துதா, றப்பர் கருகிய மணம் வருதா? கன் நுனியில் உள்ள நொசிலில் என்ன இலக்கம் பொறித்திருக்கு? மூன்றாவதுதான் முக்கியம். எஞ்சினைக் குற்றம் சொல்ல முதல் அதைப் பார்.

வவுணதீவான்:
கேஜ் இருக்கு அண்ணன். 150 தாண்டி ஏறும்போதே எஞ்சின் விழத் தொடங்கும். பெல்ட் கத்தவில்லை. நொசில் பச்சை நிறம், 25045 என்று இருக்கு. கன்னோடு சேர்ந்து வந்தது.

கணக்குச் சேர்:
விடை அந்த இலக்கத்திலேயே இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் தண்ணீர் விரியும் கோணம், 25 பாகை. மிச்சம் 045, அதாவது 4.5 அளவு. இந்த அளவு எண்களை அமெரிக்கக் கணக்கில் வைத்திருக்கிறார்கள்: 4000 பீஎஸ்ஐ (அமெரிக்க அழுத்த அலகு) அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை கலன் போகும் என்பதே அந்த எண். உங்கள் பம்ப் தரும் 15 லீற்றர் என்பது ஏறத்தாழ 3.96 அமெரிக்கக் கலன்.

பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது தண்ணியைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். பிளஞ்சர் பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணி சின்னத் துளையால் வெளியேறப் படும் பாடுதான் அழுத்தம். 3.96 கலனை 4.5 நொசிலால் அனுப்பினால், 3.96 ஐ 4.5 ஆல் வகுத்து, வர்க்கித்து, 4000 ஆல் பெருக்குங்கள். 3100 பீஎஸ்ஐ வரும், 214 பார். உங்கள் பம்புத் தகட்டில் உள்ள 200 ஐயே அது தாண்டுகிறது. எஞ்சின் அமர்ந்தது நல்லதென்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பம்பில் தண்ணி கசியாமல் பிடிக்கும் சீல்தான் முதலில் போயிருக்கும்.

இனி வலு. பாரை லீற்றரால் பெருக்கி 600 ஆல் வகுத்தால் தண்ணிக்குப் போகும் கிலோவாட் கிடைக்கும். 214 × 15 ÷ 600 = 5.35. பெல்ட்டிலும் பம்பிலும் போகும் நட்டத்துக்கு 0.85 ஆல் வகுத்தால் 6.3 கிலோவாட். உங்கள் எஞ்சின் எவ்வளவு தரும்? இந்த வகைக்கு முன்மாதிரியான ஹொண்டா ஜீஎக்ஸ் 200 ஐ எடுங்கள். அதே 196 சீசீ. முன்பு 6.5 குதிரைவலு என்று விற்றார்கள், இப்போது அளக்கும் முறை மாறி 5.5 என்று போடுகிறார்கள், அதாவது 4.1 கிலோவாட், அதுவும் 3600 சுற்றில் புது எஞ்சினுக்கு. 4.1 வைத்துக்கொண்டு 6.3 கேட்டால் எந்த எஞ்சினும் அமரும்.

இரண்டு வழி இருக்கு. ஒன்று, தண்ணியைக் குறைத்து அழுத்தத்தை வைத்துக்கொள்வது. பம்புப் புல்லியைப் பெரிதாக்கி சுற்றை 970 அளவுக்கு இறக்கினால் 10 லீற்றர் வரும், நொசிலையும் அதற்கேற்பச் சின்னதாக்கினால் 170 பார் வரை இழுக்கலாம். மற்றது, தண்ணியை அப்படியே வைத்து நொசிலை மாற்றுவது. 060 போட்டால் 120 பார், எஞ்சினில் 3.5 கிலோவாட் கேட்கும். 065 போட்டால் 102 பார், 3 கிலோவாட். பழைய எஞ்சின் என்பதால் நான் 065 இல் தொடங்குவேன். நொசில் ஒன்றின் விலைதான் செலவு.

வவுணதீவான்:
சேர், 102 பார் சேற்றுக்குக் காணுமா? கடையில் விற்கிற சின்ன கரண்ட் மெஷினிலேயே 120, 130 என்று போட்டிருக்கே.

கல்முனை சேர்விஸ்:
தம்பி, அந்தச் சின்ன மெஷினில் எத்தனை லீற்றர் என்று சேர்த்து வாசி. ஐந்தோ ஆறோதான் இருக்கும். அது மோட்டார் சைக்கிளுக்குச் சரி. வெட்டு மெஷினின் அடியில் காய்ந்த களிமண்ணை அதால் கோடு கோடாகக் கீறலாம், கழற்ற முடியாது. சேற்றைப் பெயர்க்கிறது அழுத்தம், கொண்டுபோறது தண்ணி. கொண்டுபோக ஆள் இல்லை என்றால் பெயர்த்தது திரும்ப அதிலேயே ஒட்டும்.

நான் இன்னும் ஒரு படி போய்ச் சொல்கிறேன். இந்த 200 பார் பம்பே உனக்கு வேண்டாம். விவசாயச் சாமான் கடையில் மூன்று பிஸ்டன் ஸ்பிரேயர் பம்ப் இருக்கே, மருந்தடிக்கிறது, 30 இலக்கப் பெரிய சைஸ், அதை எடு. 800 இலிருந்து 1000 சுற்றில் நிமிடத்துக்கு 30 லீற்றர் பக்கம் தரும், 35 பார் வரை ஓட்டலாம். மூன்று குதிரைவலு போதும். உன் எஞ்சின் பாட்டுப் பாடிக்கொண்டு இழுக்கும். சீல், வால்வு, பிஸ்டன் எல்லாம் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கைக்கெட்டிய தூரத்தில் கிடைக்கும். எங்களிடம் லொறி, பஸ், வேன் எல்லாம் அதால்தான் கழுவுப்படுது. உன் பித்தளைத் தலைக்காரன் ஒரு சீல் உடைத்துக்கொண்டால் கொழும்பிலிருந்து வரும்வரை காவலிருக்க வேண்டும்.

கணக்குச் சேர்:
கல்முனை நானா சொல்வதில் உதிரிப்பாகக் கதை முழுக்க உண்மை. ஆனால் 35 பாரில் கிறீஸ் படிந்த செயினும் வெட்டு மெஷினின் இடுக்கில் காய்ந்து இறுகிய வைக்கோலும் கழன்று வரும் என்பதை நான் ஏற்கமாட்டேன். கம்பி எடுத்துக் குத்த வேண்டிவரும்.

கல்முனை சேர்விஸ்:
குத்துறதுக்கு ஒரு பொடியன் நிற்கிறான் சேர். அவனுக்கும் வேலை வேணுமே.

செங்கலடி லேத்:
நானாவின் பம்ப் நல்ல பம்ப்தான், ஆனால் தம்பி பம்பை வாங்கிவிட்டான். இருக்கிறதை வைத்துப் பேசுவோம்.

பெல்ட் ஏன் என்று முதலில். எஞ்சினில் நேரே சொருகுகிற பம்ப் எஞ்சினோடு சேர்ந்து 3400 சுற்றில் ஓடும். சின்ன உடம்பு, வேகமான பிளஞ்சர், எஞ்சின் சூடும் பம்புக்குள் ஏறும். பெல்ட் பம்ப் 1450 இல் ஓடும். அதே தண்ணியைத் தர உள்ளே பெரிய பிளஞ்சரும் பெரிய பெயரிங்கும் இருக்கும். எஞ்சினின் அதிர்ச்சியைப் பெல்ட் விழுங்கிவிடும். நாள் முழுக்க ஓட்டுகிற ஆளுக்கு அதுதான் சரி. இடம் கூடப் பிடிக்கும், பாரம் கூடும், அது ஒன்றுதான் குறை.

உன் 4க்கு 10 கணக்குச் சரி. 3600 ஐ 2.5 ஆல் வகுத்தால் 1440. ஏ பெல்ட் எடுத்ததும் சரி. பி பெல்ட் பலம் என்று பலபேர் பி போடுவார்கள், ஆனால் பி பெல்ட்டுக்கு 5 அங்குலத்துக்குக் குறைந்த புல்லி ஆகாது, வளைந்து வளைந்து வெடிக்கும். நீளக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்கும் உதவும். இரண்டு ஷாஃப்ட்டுக்கும் நடுத்தூரம் 14 அங்குலம் என்றால், அதன் இரண்டு மடங்கு 28. இரண்டு புல்லியும் கூட்டி 1.57 ஆல் பெருக்க 22. புல்லிகளின் வித்தியாசம் 6, அதை வர்க்கித்து நடுத்தூரத்தின் நாலு மடங்கால் வகுக்க 0.6. மொத்தம் ஐம்பதரை அங்குலம் சொச்சம். ஏ பெல்ட்டின் இலக்கம் உள்சுற்று நீளம், அதனால் ஏ49 அல்லது ஏ50. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே கொம்பனியில் வாங்கு. ஒன்று பழசு ஒன்று புதுசு என்றால் புதுசு மட்டும் இழுக்கும்.

எஞ்சின் அடியில் போல்ட் ஓட்டையை நீட்டாக வெட்டி, பின்னால் ஒரு இழுக்கும் போல்ட் வை. இறுக்கம் பார்க்கிறது இப்படி: இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட்டை விரலால் அழுத்து. 14 அங்குலத் தூரத்துக்கு 5, 6 மில்லிமீற்றர் இறங்கினால் போதும். கிட்டார்க் கம்பி மாதிரி இறுக்கினால் பம்பின் முன் பெயரிங் போகும். புல்லியை ஷாஃப்ட்டின் நுனியில் தொங்கவிடாமல் உடம்போடு ஒட்டித் தள்ளிப் பூட்டு. இரண்டு புல்லியின் முகத்திலும் நேர்க்கோல் வைத்துப் பார், நாலு இடத்திலும் தொட வேண்டும்.

இன்னொன்று. எஞ்சினுக்கு அடியில் றப்பர், பம்புக்கு அடியில் றப்பர் என்று தனித்தனியே வைக்காதே. இரண்டும் ஒரே இரும்புச் சட்டத்தில் இறுக்கமாக இருக்கட்டும். றப்பர் வைப்பதென்றால் முழுச் சட்டத்துக்கும் அடியில் வை. மறுகா, பம்ப் எந்தப் பக்கம் கிறுகுது?

வவுணதீவான்:
புல்லிப் பக்கம் நின்று பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம். எஞ்சினும் அப்படித்தான். பம்பின் பித்தளைத் தலை எனக்கு வலப்பக்கம் இருக்கு.

செங்கலடி லேத்:
அப்போ பம்பைத் திருப்ப வேண்டும். இந்த வகைப் பம்பில் புல்லியின் மேற்பக்கம் தண்ணித் தலையை நோக்கி ஓடினால்தான் உள்ளே ஒயில் சரியாகத் தெறித்து மேலே போகும். எதிர்ப்பக்கம் ஓடினாலும் தண்ணி வரும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எதிர்க்கடிகாரம் என்றால் மேற்பக்கம் இடதுக்குப் போகிறது, ஆகவே தலை உன் இடப்பக்கம் இருக்க வேண்டும். சில பம்பில் ஷாஃப்ட்டை மறுபக்கத்தால் எடுக்கலாம். உன்னுடையதில் மறுபக்கம் மூடி போல்ட் போட்டிருக்கா பார். இல்லாவிட்டால் எஞ்சினை அந்தப் பக்கம் கொண்டுபோ.

வாழைச்சேனைத் தோணி:
இடையில் நுழைகிறேன், மன்னிக்க வேணும். என்னிடம் இரண்டு அங்குலத் தண்ணிப் பம்ப் பூட்டின எஞ்சின் ஒன்று சும்மா கிடக்கு. அதைக் கழற்றி இப்படிப் புல்லி போடலாமா? பைபர் படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டுது, சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ஞ்சுபோச்சு.

செங்கலடி லேத்:
ஷாஃப்ட்டை முதலில் பாருங்க அண்ணன். தண்ணிப் பம்பு எஞ்சின்களில் பலதுக்கு ஷாஃப்ட் நுனியில் மரை வெட்டியிருக்கும், காற்றாடியை அதில் திருகி ஏற்றுவதற்காக. சாவிக் காடி இருக்காது. அதில் புல்லி நிற்காது. மரையில் நட்டு வைத்து இறுக்கிப் பார்த்தேன் என்று கொண்டுவந்த ஆட்கள் இருக்கிறார்கள், வேண்டாம். காடியுள்ள 19 அல்லது 20 மில்லிமீற்றர் ஷாஃப்ட்தான் தேவை.

கல்முனை சேர்விஸ்:
படகுக்கு என்றால் சேரின் பம்புதான், என் ஸ்பிரேயர் காணாது, ஒத்துக்கொள்கிறேன். பாசி உடனே போகும். ஆனால் படகைக் கரையேற்றின உடனே, ஈரம் காய முதல் அடியுங்க. காய்ந்த சிப்பி 100 பாருக்கு அசையாது. அசையாத கோபத்தில் சிவப்பு நொசிலைப் போட்டுக் கிட்ட வைத்து அடித்தால் பைபரின் மேற்பூச்சு சில்லுச் சில்லாய் வரும். சிவப்பு பூச்சியப் பாகை, ஊசி மாதிரி. மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. நம்ம வேலைக்குப் பச்சையும் வெள்ளையும் போதும். எங்கள் இடத்தில் சிவப்பை நான் தூக்கிப் பூட்டி வைத்திருக்கிறேன்.

அக்கரைப்பற்று வயல்:
ஏன் ஆளாளுக்கு எஞ்சின் தேடுறீங்க என்று விளங்கவில்லை. லேண்ட்மாஸ்டர் இருக்கிற வீட்டில் எஞ்சின் இருக்கு. வாய்க்காலில் தண்ணிப் பம்பை அதோடு பெல்ட் போட்டு ஓட்டுகிறோமே, அதே புல்லியில் இந்தப் பம்பைப் போட்டால் என்ன? 12 குதிரைவலு டீசல், மெதுவாக ஓடும், நாள் முழுக்க இழுக்கும். பெற்றோலை ஊற்றிச் சேறு கழுவி என்ன லாபம்?

கணக்குச் சேர்:
நல்ல யோசனை. 12 குதிரைவலு என்றால் 8.8 கிலோவாட். வவுணதீவாருடைய பம்பை முழுத் தகட்டு அளவுக்கு, 15 லீற்றர் 200 பாருக்கு ஓட்ட 5.9 தான் தேவை. தாராளம். சுற்றைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஒற்றைச் சிலிண்டர் டீசல்கள் பெரும்பாலும் 2000 இலிருந்து 2400 வரை. 2200 என்று வைத்தால், எஞ்சினில் 5 அங்குலப் புல்லிக்குப் பம்பில் 7.5 அங்குலம். அப்போது 1467 வரும், பரவாயில்லை. அங்கே பி பெல்ட் சரி, புல்லி 5 அங்குலம் இருப்பதால். நொசில் 050 போட்டால் 173 பாரில் நிற்கும்.

ஒரு சங்கடம் உண்டு. கழுவ வேண்டியது அந்த லேண்ட்மாஸ்டரே என்றால் அது தன்னைத் தானே கழுவாது.

அக்கரைப்பற்று வயல்:
பக்கத்து வீட்டு லேண்ட்மாஸ்டர் எதற்கு இருக்கு சேர்?

சம்மாந்துறை பம்ப் வேலை:
எல்லோரும் எஞ்சின், புல்லி, நொசில் என்று பேசியாச்சு. என்னிடம் வருகிற பம்புகளில் பாதிக்கு மேல் சாகிறது தண்ணி உள்ளே வரும் பக்கத்தால். அதைப்பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. வவுணதீவாரே, தண்ணி எங்கிருந்து எடுக்கிறீர்? எப்படி?

வவுணதீவான்:
கிணறு பக்கத்தில் இருக்கு. முக்கால் அங்குல ஹோஸை நேரே கிணற்றுக்குள் விட்டிருக்கிறேன். இழுக்குது.

சம்மாந்துறை பம்ப் வேலை:
இழுக்கும். கொஞ்ச நாளைக்கு இழுக்கும். கன்னை அழுத்தும்போது ஹோஸ் நடுங்குதா? பம்புக்குள் கூழாங்கல் உருள்கிற மாதிரிச் சத்தம் கேட்குதா? கேட்டால் அது தண்ணி போதாமல் உள்ளே குமிழி உண்டாகி உடைகிற சத்தம். அந்த உடைவு பித்தளையையே அரிக்கும், சீலை எப்படி விடும்?

ஸ்பிரேயர் பம்ப் கிணற்றிலிருந்து உறிஞ்சும், அதற்காகவே செய்தது. உம்முடைய பம்ப் அப்படி அல்ல, அதற்குத் தண்ணி தானாக வந்து வாசலில் நிற்க வேண்டும். ஒரு 200 லீற்றர் பீப்பாயோ பழைய பிளாஸ்டிக் தாங்கியோ எடும். பம்பை விட உயரத்தில் வையும், இரண்டடி உயர்ந்தாலும் போதும். தாங்கியிலிருந்து பம்புக்கு ஒரு அங்குல ஹோஸ், கம்பிச் சுருள் உள்ளது, அமுங்காதது. நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. நடுவில் கழற்றிக் கழுவக்கூடிய வலை வடிகட்டி. தாங்கியின் அடியிலிருந்து நாலு விரல் மேலே குழாயைப் பூட்டும், மண் அடியில் படியட்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக் கிணறுகளில் மணல், மேற்கே படுவான்கரையில் களி. இரண்டும் பிளஞ்சர் சீலுக்கு எமன்.

தாங்கிக்குத் தண்ணி வருகிற வேகத்தையும் அளந்து பாரும். பத்து லீற்றர் வாளி 40 செக்கனில் நிறைந்தால் சரியாக 15 லீற்றர், அதாவது நுனியில் நிற்கிறீர். 25 செக்கனில் நிறைந்தால் நிம்மதி.

இன்னும் ஒன்று: அன்லோடரிலிருந்து திரும்புகிற தண்ணி எங்கே போகிறது? கன்னை விட்டதும் பம்ப் நிற்காது, தண்ணி அன்லோடரால் சுற்றி வரும். அந்தக் குழாயைப் பம்பின் வாசலிலேயே திருப்பிப் பூட்டினால் ஒரு கோப்பைத் தண்ணிதான் சுற்றிச் சுற்றி ஓடும், சில நிமிடத்தில் கை வைக்க முடியாமல் சுடும். 60 பாகைக்கு மேல் போனால் சீல் உருமாறிவிடும். திரும்புகிற குழாயைத் தாங்கிக்கே கொண்டுபோய் விடும். அப்போது வெளியே பேசிக்கொண்டு நின்றாலும் பம்புக்கு ஆபத்தில்லை. அன்லோடர் ஒன்றையே நம்பவும் வேண்டாம். அது இறுகிப்போனால் 15 லீற்றர் தண்ணிக்குப் போக இடம் இல்லை, எங்கேயாவது உடைத்துக்கொண்டுதான் வரும். தனியாக ஒரு பாதுகாப்பு வால்வு பம்புத் தலையில் இருக்கட்டும்.

கணக்குச் சேர்:
அன்லோடர் பற்றி ஒரு சொல். குமிழை இறுக்கினால் அழுத்தம் கூடும் என்று நினைப்பது எங்கும் உள்ள பழக்கம். அழுத்தத்தின் உச்சத்தைத் தீர்மானிப்பது நொசில். குமிழைத் தளர விட்டால் பாதித் தண்ணி திரும்பிப்போகும், அதுதான் வவுணதீவார் பார்த்த பூவாளி. குமிழை முழுக்கத் தளர்த்தி, கன்னை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுக்குங்கள். கேஜ் ஏறி ஒரு இடத்தில் நிற்கும். அதற்கு மேல் இறுக்கினாலும் முள் அசையாது. அங்கே நிறுத்துங்கள்.

வவுணதீவான்:
அப்டேட். 060 உம் 065 உம் இரண்டும் வாங்கினேன். பம்பைத் திருப்பினேன், மறுபக்க மூடியைக் கழற்றினால் அங்கேயும் ஷாஃப்ட்டை எடுக்கலாம் என்று தெரிந்தது, லேத் அண்ணனுக்கு நன்றி. நீலப் பீப்பாய் ஒன்றை மேடை கட்டி ஏற்றி, ஒரு அங்குல ஹோஸ். அன்லோடர்க் குழாய் பீப்பாய்க்குள்.

065 இல் எஞ்சின் கொஞ்சமும் அசரவில்லை, கேஜ் 100 பக்கம். 060 போட்டால் 115 வரை போகுது, எஞ்சின் சத்தம் கனக்குது ஆனால் விழவில்லை. கூழாங்கல் சத்தம் முன்பு இருந்திருக்கிறது, இப்போது இல்லாதபோதுதான் தெரியுது. டிரெய்லர் ஒன்று கழுவினேன், சேறு பாளம் பாளமாக விழுந்தது. 065 ஐயே வைத்துக்கொள்ளப் போகிறேன்.

கன் கொஞ்சம் பின்னுக்கு உதைக்குது. அது சரிதானே?

கணக்குச் சேர்:
சரிதான். 15 லீற்றர், 100 பாருக்கு மூன்றரைக் கிலோ உதைப்பு வரும். நீளமான குழாய் பூட்டி இரண்டு கையால் பிடித்தால் தோள் நோகாது. கன்னின் விசையைக் கம்பி கட்டி நிரந்தரமாக அழுத்திவைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கைநழுவினால் அது பாம்பாகிவிடும்.

மாமாங்கத்துத் தாதி:
என் தம்பிக்காக இந்த இழையை வாசித்துக்கொண்டு வந்தேன். உங்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தண்ணி கையில் பட்டால் வெளியே தெரிவது ஒரு சின்னப் புள்ளி மட்டும்தான். இரத்தம்கூட வராது. முதலில் நோவும் பெரிதாக இருக்காது. ஆனால் தண்ணியும் அதோடு சேர்ந்த கிறீஸும் சேறும் தோலுக்கு அடியில் விரலின் நீளத்துக்கு ஓடியிருக்கும். சில மணித்தியாலத்தில் வீங்கி, இரத்த ஓட்டம் தடைப்பட்டு, விரலையே எடுக்க வேண்டிவரலாம். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், உயர் அழுத்தத் தண்ணி தோலுக்குள் போய்விட்டது என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாதாரணக் கீறல் என்று மருந்து கட்டி அனுப்பிவிடக்கூடும்.

ஹோஸ் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது, நொசில் அடைத்தால் விரல் வைத்துப் பார்ப்பது, இரண்டும் வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, கன்னை அழுத்தி உள்ளே மிஞ்சிய அழுத்தத்தை விட்டபின் கழற்றுங்கள். செருப்போடு நின்று காலடியில் அடிக்கிற தம்பிமாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

செங்கலடி லேத்:
தாதி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. அதோடு பெல்ட்டுக்கு மூடி. தகரம் வளைத்து இரண்டு பக்கமும் மூடு தம்பி, முன்பக்கம் மட்டும் போதாது. சாரத்தோடு வேலை செய்கிற ஊர் நம்ம ஊர்.

வாழைச்சேனைத் தோணி:
வாவித் தண்ணியை நேரே எடுத்து அடிக்கலாமா? கிணறு தூரம்.

சம்மாந்துறை பம்ப் வேலை:
வாவித் தண்ணி உப்பு. மழைக்கு வெள்ளம் இறங்கும் காலத்தில் உப்புக் குறையும், மற்ற நாளில் கடல் மாதிரித்தான். பித்தளைத் தலை கொஞ்சம் தாங்கும், அலுமினியத் தலை தாங்காது. வேறு வழியே இல்லை என்றால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணியை ஐந்து நிமிடமாவது ஓட்டிக் கழுவிவிட்டு நிறுத்துங்க. அப்படியே விட்டுவிட்டுப் போனால் உள்ளே உப்புக் காய்ந்து, அடுத்தமுறை ஸ்டார்ட் பண்ணும்போது சீலை அரம் போல அரிக்கும்.

கல்முனை சேர்விஸ்:
வவுணதீவுத் தம்பி, காசுக்குக் கழுவிக் கொடுக்கப் போறாய் என்றால் கழுவின தண்ணி எங்கே ஓடுது என்று இப்பவே பார். வாகன சேர்விஸ் நிலையம் என்று வந்தால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சட்டம். முதலில் பிரதேச சபையில் கேள். இரண்டு தொட்டி கட்டு: முதலாவதில் மண் படியட்டும், இரண்டாவதில் ஒயில் மிதக்கட்டும், நடுவிலிருந்து வளைந்த குழாயால் தண்ணி மட்டும் வெளியே போகட்டும். பக்கத்து வயல்காரன் ஒயில் படலத்தைக் கண்டால் உரிமக்காரர்களை விட முன்னுக்கு அவன்தான் வருவான்.

அக்கரைப்பற்று வயல்:
வெட்டு மெஷின் கழுவுகிற இடத்தில் களை நெல் விதையும் கொட்டும். அந்த மண்ணை அள்ளி வயலில் போட்டுவிடாதே தம்பி. மற்ற ஊர் வயலில் உள்ள களையெல்லாம் உன் வயலில் முளைக்கும். மெஷினுக்கு அடிக்கும்போது றேடியேற்றர்ப் பக்கம் கவனம், தகடு மடிந்தால் எஞ்சின் சூடேறும். அங்கே வெள்ளை நொசிலைப் போட்டுத் தள்ளி நின்று, தகடுகளுக்கு நேராக அடி, சரித்து அடிக்காதே. பெயரிங் சீலுக்கு நேரே அடித்தால் தண்ணி உள்ளே போய்விடும்.

வவுணதீவான்:
எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒயில். பம்பில் பழைய ஒயில் பால் மாதிரி இருந்தது. மாற்றிவிட்டேன், கடையில் கொடுத்த சாதாரண எஞ்சின் ஒயில்தான் ஊற்றினேன். திரும்பவும் லேசாக வெளுக்குது.

சம்மாந்துறை பம்ப் வேலை:
வெளுத்தால் பிளஞ்சர் சீலைத் தாண்டித் தண்ணி ஒயில் பக்கம் போகிறது. கிணற்றிலிருந்து உறிஞ்ச வைத்த காலத்துச் சேதமாக இருக்கலாம், முந்தின ஆள் வைத்த சேதமாகவும் இருக்கலாம். பம்பின் அடியில், தலைக்கும் உடம்புக்கும் நடுவில் சின்ன ஓட்டைகள் இருக்கும். அதால் சொட்டுகிறதா பாரும். ஒரு ஓட்டையில் மட்டும் சொட்டினால் அந்தப் பிளஞ்சர்தான். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றாமல் மூன்றுக்கும் சீல் போடும். தலையைக் கழற்றும்போது பீங்கான் பிளஞ்சரை நகத்தால் தடவிப் பாரும், கோடு தட்டுப்பட்டால் புது சீல் போட்டும் பயனில்லை, பிளஞ்சரும் மாற்ற வேண்டும்.

ஒயிலுக்கு 68 இலக்க ஹைட்ரோலிக் ஒயில் ஊற்றும், டிராக்டர்க் கடையில் கிடைக்கும். சீல் மாற்றியபின் முதல் 50 மணித்தியாலத்தில் ஒருமுறை மாற்றும், பிறகு 500க்கு ஒருமுறை. சீலின் அளவு பம்புத் தகட்டில் இருக்காது, பிளஞ்சரின் விட்டத்தை வேர்னியரால் அளந்து அனுப்பும். 18 ஆ 20 ஆ என்று தெரிந்தால் இருக்கா என்று பார்த்துச் சொல்கிறேன்.

வவுணதீவான்:
கழற்றிவிட்டு அளந்து போடுகிறேன் அண்ணன். நடு ஓட்டையில்தான் சொட்டுது.